பள்ளி ஆசிரியரின் மகனைத் தேடி: பதிவேடுகள் வழியே ஒரு குடும்ப வரலாறு

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலின் முதல் பாடமே ‘வரலாறு என்றால் என்ன?’ என்பதுதான். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று சான்றுகளின் வகைகளைச் சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு சான்றை வைத்துக்கொண்டு அடுத்த சான்றுக்கு எப்படிப் போவது, இரண்டு சான்றுகள் முரண்பட்டால் என்ன செய்வது, சான்றே இல்லாத இடத்தில் எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை அவர்கள் செய்து பார்ப்பதற்கு வாய்ப்பு குறைவு.

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் நான், இதற்காகச் சில ஆண்டுகளாக ஓர் உதாரணத்தைப் பயன்படுத்தி வருகிறேன். அது மன்னர் குடும்பம் அல்ல. ஜெர்மனியிலிருந்து 1710-இல் அமெரிக்காவுக்குப் போன ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம். ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போரைப் படிக்கிறோம் அல்லவா? அந்தப் போருக்கு இரண்டு தலைமுறை முந்தைய கதை இது. சாதாரண மனிதர்கள் பதிவேடுகளில் எப்படித் தென்படுகிறார்கள், எப்படி மறைந்துபோகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கப்பல் பட்டியல் இல்லாத காலம்

அமெரிக்காவில் தங்கள் மூதாதையரைத் தேடுகிறவர்கள் பலரும் முதலில் நினைப்பது நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவைத்தான். ஆனால் அந்தக் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது 1892-இல். கப்பலில் வரும் பயணிகளின் பட்டியலைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மைய அரசு சட்டம் இயற்றியதே 1819-இல்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கினாலும், அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும்; மற்றவர்கள் வெறும் எண்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் எழுதியது 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான்.

அப்படியானால் 1700-களின் தொடக்கத்தில் வந்த ஒரு ஜெர்மானியரை எங்கே தேடுவது? விடை இதுதான்: அரசாங்கமோ, திருச்சபையோ, முதலாளியோ ஏதோ ஒரு தேவைக்காக அவர் பெயரை எழுதிய இடத்தில் தேட வேண்டும். உணவு கொடுக்க, வேலைக்கு அனுப்ப, திருமணம் செய்துவைக்க, வழக்குத் தொடுக்க என ஒவ்வொரு தேவைக்கும் ஒரு காகிதம் உண்டு. வரலாறு எழுத வேண்டும் என்ற எண்ணத்தில் எவரும் அவற்றை எழுதவில்லை. அதனாலேயே அவற்றுக்கு ஒரு நம்பகத்தன்மை இருக்கிறது.

ஏன் கிளம்பினார்கள்?

ரைன் ஆற்றின் கரையில் உள்ள பாலட்டினேட் பகுதி, பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் போர்களில் திரும்பத் திரும்பச் சூறையாடப்பட்ட மண். அதன்மேல் வந்தது 1708–09 குளிர்காலம். ஐரோப்பாவே உறைந்துபோன அந்தக் குளிரில் திராட்சைக் கொடிகள் கருகின. வரிச்சுமை வேறு. இந்த நேரத்தில், இங்கிலாந்து அரசி தங்களை அமெரிக்காவுக்கு அனுப்பி நிலம் கொடுப்பார் என்ற நம்பிக்கை ஊர் ஊராகப் பரவியது.

1709 கோடையில் ஏறத்தாழ 13,000 பேர் ரைன் வழியாக ராட்டர்டாம் வந்து, அங்கிருந்து லண்டனை அடைந்தார்கள். லண்டனுக்கு வெளியே பிளாக்ஹீத் முதலிய இடங்களில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். இவ்வளவு பேரை என்ன செய்வது என்று தெரியாமல் ஆங்கில அரசு திணறியது. ஒரு பகுதியினரை அயர்லாந்துக்கு அனுப்பியது. சிலரை ஊருக்கே திருப்பி அனுப்பியது. ஏறத்தாழ 3,000 பேரைப் பத்துக் கப்பல்களில் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பியது. ஹட்சன் ஆற்றங்கரைப் பைன் மரங்களிலிருந்து கடற்படைக் கப்பல்களுக்குத் தேவையான தார் எடுத்து, பயணச் செலவை அவர்கள் உழைப்பால் அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கப்பல்களில் காய்ச்சல் பரவியது. வழியிலும், வந்து இறங்கிய முதல் சில வாரங்களிலுமாக 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிக் குடியமரும் முன்பே இறந்தவர்களில் ஒருவர் நிக்கோலஸ் எபர்ஹார்ட் செங்கர். அவருடைய மனைவி பெயர் யோஹானா. மகன்களில் ஒருவன் பீட்டர்.

சோற்றுக் கணக்கில் ஒரு குடும்பம்

நியூயார்க் ஆளுநர் ராபர்ட் ஹண்டர், வந்தவர்களுக்கு 1710 கோடையிலிருந்து 1712 செப்டம்பர் வரை அரசுச் செலவில் உணவு வழங்கினார். ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரும், வீட்டில் பத்து வயதுக்கு மேல் எத்தனை பேர், கீழ் எத்தனை பேர் என்பதும் கணக்கில் எழுதப்பட்டன. செலவழித்த பணத்தை லண்டனிடமிருந்து திரும்பப் பெறுவதற்கான கணக்கு அது. இன்றைக்கு அதுவே குடும்ப வரலாற்றின் முதுகெலும்பு. ஓர் இடத்தில் மூன்று பேர் இருந்த குடும்பம் அடுத்த கணக்கில் நான்கு பேர் என்று வந்தால் ஒரு பிறப்பு. இரண்டாகக் குறைந்தால் ஓர் இறப்பு, அல்லது பிள்ளை வேறிடம் போயிருக்க வேண்டும். ஆண் பெயர் மறைந்து அதே இடத்தில் பெண் பெயர் வந்தால் அவர் கைம்பெண் ஆகியிருக்கலாம்.

மதிய உணவுப் பதிவேட்டில் தினமும் எண்ணிக்கை எழுதும் நமக்கு இந்த நுட்பம் எளிதில் புரியும். எண் மாறினால் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

இதே காலத்தில், தார் முகாம்களுக்குப் போகாமல் நியூயார்க் நகரிலேயே தங்கிவிட்ட ஜெர்மானியர்களின் பட்டியல் ஒன்றும் எடுக்கப்பட்டது. அதில் பெரும்பாலும் கைம்பெண்கள், நோயாளிகள், பெற்றோரை இழந்த பிள்ளைகள். அந்தப் பட்டியலில் ஒரு பெயர்: யோஹானா சாங்கரின், வயது 33. உடன் ஜான் பீட்டர் 13, அன்னா கத்தரினா 10, யோஹானஸ் 7.

பெயரின் புதிர்

தேடுவது செங்கர், கிடைத்தது சாங்கரின். இரண்டும் ஒன்றா?

‘சாங்கரின்’ என்றதும் நமக்கு ‘சாங்கருடைய’ என்று வேற்றுமை உருபு போலத் தோன்றும். ஜெர்மன் மொழியில் ‘இன்’ என்பது பெண்பால் விகுதி. முல்லர் என்பவரின் மனைவி ‘முல்லரின்’. செங்கரின் மனைவி ‘செங்கரின்’. 18-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் இது சாதாரண வழக்கம். விகுதியை நீக்கினால் சாங்கர். எழுத்தரின் காதில் ‘செ’ என்பது ‘சா’ என்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். பெயரைச் சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுதியவருக்கு ஜெர்மன் தெரியாது. ஒரே குடும்பப் பெயர் நான்கு காகிதங்களில் நான்கு விதமாக வருவது அக்காலத்தில் இயல்பு.

அடுத்த புதிர், முதற்பெயர். ஒரே வீட்டில் ஜான் பீட்டர் ஒருவன், யோஹானஸ் ஒருவன். ஜான், யோஹான், யோஹானஸ் மூன்றும் ஒரே பெயரின் வடிவங்கள்தானே, ஒரே பையனை இரண்டு முறை எழுதிவிட்டார்களா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஜெர்மன் குடும்பங்களில் திருமுழுக்கின்போது இரண்டு பெயர்கள் வைப்பார்கள். முதலில் வரும் ‘யோஹான்’ பெரும்பாலும் ஒரு முன்னொட்டு போன்றது. அண்ணன் தம்பி எல்லோருக்கும் அதுவே இருக்கலாம். அழைப்பது இரண்டாவது பெயரால். யோஹான் பீட்டர் வீட்டில் பீட்டர்தான். ஆனால் ‘யோஹானஸ்’ என்று முழுதாகத் தனியே இருந்தால், அதுவே அழைக்கும் பெயர். ஆகவே இவர்கள் இரண்டு பிள்ளைகள்.

பெயர்கள் மொழிமாற்றம் பெறுவதும் உண்டு. ஜெர்மனில் தச்சரைக் குறிக்கும் ‘சிம்மர்மான்’ சில குடும்பங்களில் ஆங்கிலத்தின் ‘கார்பென்டர்’ ஆனது. ‘ஷ்வார்ட்ஸ்’ என்பது ‘பிளாக்’ ஆனது. இரண்டுக்கும் பொருள் கறுப்பு. 1741-இல் பென்சில்வேனியா வந்த ஐசன்ஹவர் குடும்பத்தின் பெயர் முதலில் ‘ஐசன்ஹாவர்’. ஓரிரு எழுத்துகள் மாறி, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பெயராக உலகுக்குத் தெரிந்தது.

தந்தையின் தொழில் காட்டிய வழி

இனி, கடலுக்கு அப்பால் உள்ள சொந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஜெர்மனி’ என்று மட்டும் தெரிந்தால் போதாது. அன்று ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லை. நூற்றுக்கணக்கான சிற்றரசுகள் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதிவைத்தது அந்தந்த ஊர்த் திருச்சபைதான். ஆகவே ஊர்ப் பெயர் தெரியாமல் ஒரு பதிவேட்டையும் திறக்க முடியாது.

இந்த இடத்தில் அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜோன்ஸ் செய்த பணியைச் சொல்ல வேண்டும். 1710-இல் நியூயார்க் வந்த பாலட்டினேட் குடும்பங்கள் 847-ஐப் பற்றி 1985-இல் அவர் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவருடைய முறை எளிமையானது. மக்கள் தனியாகக் கிளம்புவதில்லை. அக்கம்பக்கத்தார், மாமன் மச்சான், ஒரே ஆலயத்துக்காரர் என்று கூட்டமாகக் கிளம்புகிறார்கள். புதிய நாட்டிலும் பட்டியலில் அருகருகே வருகிறார்கள்; ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தந்தையாக நிற்கிறார். ஆகவே ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பதிவேடுகளை எல்லாம் புரட்டினால் மற்றவர்களும் கிடைப்பார்கள். ஒருவரைத் தேட அவருடைய கூட்டத்தைத் தேடு என்பதே இதன் சாரம்.

செங்கர் குடும்பத்தின் தடம் பாலட்டினேட்டில் ஓர் ஊரில் நிற்கவில்லை. ரும்பாக் என்ற ஊரின் பதிவேட்டில் 1697-இலும் 1703-இலும் இவர்களின் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு நடந்திருக்கிறது. 1706-இல் இன்னொரு குழந்தைக்கு வால்ட்ஃபிஷ்பாக் என்ற வேறோர் ஊரில். இடையே 1701-இல் நிக்கோலஸ் செங்கர் இம்ப்ஃப்லிங்கன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்ற குறிப்பும் கிடைக்கிறது.

விவசாயக் குடும்பம் என்றால் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் இருக்கும். ஒன்பது ஆண்டுகளுக்குள் மூன்று ஊர்களில் ஒரு குடும்பம் தென்பட்டால், தந்தையின் தொழில் என்ன என்று கேட்க வேண்டும். தந்தை ஆசிரியர் என்பது தெரிந்ததும் ஊர் மாறிக்கொண்டே இருந்ததில் வியப்பு இல்லாமல் போகிறது. பணி கிடைக்கும் ஊருக்குப் பெட்டியைக் கட்டுவது நமக்குப் புதிதா என்ன?

இப்போது மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லலாம். 1710-இல் ஜான் பீட்டருக்கு வயது 13. கழித்தால் 1697. யோஹானஸுக்கு 7. கழித்தால் 1703. இரண்டுமே ரும்பாக் பதிவேட்டின் ஆண்டுகளோடு ஒத்துப்போகின்றன. தாய்க்கு 33 என்றால் மூத்த மகன் பிறந்தபோது 20. அதுவும் இயல்பான வயதுதான். பெயர் ஒன்றுபோல் இருப்பது மட்டும் சான்று ஆகாது. பெயர், வயது, தாய் தந்தை பெயர், தொழில், இடம் என்று ஐந்து கயிறுகளும் ஒரே முடிச்சில் வந்து சேரும்போதுதான் ‘இவர்தான் அவர்’ என்று சொல்லலாம்.

பிரிக்கப்பட்ட பிள்ளைகள்

இந்த வரலாற்றில் மனதைத் தைக்கும் காகிதம் அடுத்து வருவது. ஆளுநர் ஹண்டர் 1710 முதல் ஜெர்மானியப் பிள்ளைகள் பலரைக் குடியேற்றத்தில் இருந்த வணிகர்கள், விவசாயிகள், கைவினைஞர்களிடம் ஒப்பந்தத்தில் ஒப்படைத்தார். பெற்றோரை இழந்தவர்கள் மட்டுமல்ல; பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளும் அப்படிப் போனார்கள். அரசின் உணவுச் செலவு குறையும் என்பது காரணம். பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர் பெயர், யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர் எந்த ஊர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது.

இதே கூட்டத்தில் வந்த கான்ராட் வைசர் என்பவர், பிற்காலத்தில் பென்சில்வேனியாவில் பூர்வகுடிகளுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இடையே புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆனார். தன் வாழ்க்கைக் குறிப்பில், தன் தம்பிகள் இருவர் இப்படி லாங் தீவுக்கு அனுப்பப்பட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். அவருடைய தாய் 1709-இல் ஊரிலேயே இறந்துவிட்டார். தாயை இழந்து, கடல் கடந்து வந்த பிள்ளைகள் அண்ணன் தம்பியாகக்கூடச் சேர்ந்து இருக்க முடியவில்லை.

1710 அக்டோபர் 26-ஆம் நாள், பள்ளி ஆசிரியரின் மகன் பீட்டர் செங்கர் எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வில்லியம் பிராட்ஃபோர்ட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டான். பிராட்ஃபோர்ட் நியூயார்க்கின் முதல் அச்சகர். பீட்டருக்கு வயது 13. தந்தை இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இந்தக் காகிதத்தைக் குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் பொன்போலப் போற்றுகிறார்கள். பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள உறவை அது உறுதிசெய்கிறது. ஆனால் இதே காகிதம்தான் பல குடும்பங்களைப் பிரித்தது. ஆங்கிலக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை மொழியை மறக்கும், பெயரும் உருமாறும். அதன்பின் அந்தப் பிள்ளையைத் தேடுவது மிகவும் கடினம். சான்று என்பது எப்போதும் நல்ல செய்தியாக இருக்காது என்பதை மாணவர்கள் இங்கே உணர்கிறார்கள்.

மூன்று ஆலயங்கள்

1710-உடன் எட்டைக் கூட்டினால் 1718. ஒப்பந்த காலத்தில் பழகுநர் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அக்கால வழக்கம். ஆகவே பீட்டரின் திருமணப் பதிவை 1718-க்குப் பிறகுதான் தேட வேண்டும். அப்படியே கிடைக்கிறது: 1719 மே 28, மேரி ஒயிட் என்ற பெண்ணுடன் திருமணம். இடம் நியூயார்க் அல்ல, பிலடெல்பியா. ஆலயம் ஜெர்மன் ஆலயமும் அல்ல, பிரஸ்பிட்டேரியன் ஆலயம். 1720 அளவில் அவர் மேரிலாந்தில் அச்சுப்பணி செய்கிறார். 1722 ஆகஸ்ட் 24 அன்று, மனைவியை இழந்தவர் என்ற குறிப்புடன் மீண்டும் ஒரு திருமணம். நியூயார்க்கில் டச்சுத் திருச்சபையில். மணமகள் அன்னா கத்தரினா மால்.

பிறந்தபோது ஒரு திருச்சபை, முதல் திருமணத்துக்கு வேறொன்று, இரண்டாவதற்கு மற்றொன்று. ‘ஜெர்மானியர்தானே, ஜெர்மன் ஆலயத்தில்தான் இருப்பார்’ என்று தேடியிருந்தால் இரண்டு திருமணங்களும் கிடைத்திருக்காது. குடியேறிய மக்கள் தங்கள் பக்கத்தில் எது இருந்ததோ அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தேதிகளில் ஒரு பொறி

அக்காலத் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-இல் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்தும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களும் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பயன்படுத்தின. இடையில் 11 நாள் வித்தியாசம். 1752-இல் மாறியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று.

அதோடு, பழைய ஆங்கில முறையில் ஆண்டு தொடங்கியது ஜனவரி 1 அன்று அல்ல, மார்ச் 25 அன்று. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது பதிவான தேதி 1731 பிப்ரவரி 11. நாம் பாடப்புத்தகங்களில் காண்பது 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாள்தான்! ஜெர்மன் ஊரில் எழுதிய பிறந்த தேதியும் அமெரிக்கக் கல்லறையில் செதுக்கிய வயதும் சில நாள் முரண்பட்டால், ஆள் வேறு என்று முடிவுகட்டும் முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். கணித ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய நல்ல பாடம் இது.

அச்சுக்கூடத்திலிருந்து சிறைக்கு

பீட்டர் செங்கர் 1726-இல் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1733 நவம்பர் 5 அன்று ‘நியூயார்க் வீக்லி ஜர்னல்’ இதழை வெளியிடத் தொடங்கினார். ஆளுநர் வில்லியம் காஸ்பியின் செயல்களை அது கடுமையாக விமர்சித்தது. இதழின் படிகளை எரிக்க உத்தரவு வந்தது. 1734 நவம்பரில் செங்கர் கைது செய்யப்பட்டு, வழக்கு முடியும்வரை எட்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அந்த நாட்களில் இதழ் நிற்காமல் வெளிவரச் செய்தவர் மனைவி அன்னா.

1735 ஆகஸ்ட் 4 அன்று விசாரணை. எழுதியது உண்மையா பொய்யா என்பது அன்றைய சட்டத்துக்குப் பொருட்டே அல்ல. அரசை இழிவுபடுத்தி அச்சிட்டாரா என்பது மட்டுமே கேள்வி. பிலடெல்பியாவிலிருந்து வந்த வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹாமில்டன், அச்சிட்டதை ஒப்புக்கொண்டு, உண்மையைச் சொல்வது குற்றமாகாது என்று வாதிட்டார். நடுவர் குழு ‘குற்றமற்றவர்’ என்றது. அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் இவ்வழக்குக்குத் தனி இடம் உண்டு. செங்கர் 1746-இல் இறந்தபின் அன்னாவும், அவருக்குப் பின் மகன் ஜானும் இதழை நடத்தினார்கள்.

வழக்கில் பேர் பெற்றவர் என்பதால் இவருடைய முன்கதையைத் தேடினார்கள், கிடைத்தது. தேடப்படாத ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களும் அதே பட்டியல்களில், அதே மையில்தான் இருக்கின்றன.

பட்டியலில் இல்லாத பெண்கள்

பிற்காலத்தில் ஜெர்மானியர்கள் அதிகம் போய் இறங்கியது பிலடெல்பியாவில். 1727 முதல், வந்து இறங்கும் ஜெர்மானியர்கள் ஆங்கில அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று பென்சில்வேனியா நிர்வாகம் விதித்தது. அந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே இருவரும் தொகுத்து 1934-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒரு தொகுதி முழுவதும் கையெழுத்துகளின் நகல். எழுதத் தெரிந்தவர் ஜெர்மன் எழுத்தில் தானே பெயர் எழுதினார்; தெரியாதவர் ஒரு குறி இட, எழுத்தர் பெயரை எழுதினார். மூதாதையரின் கையெழுத்து கிடைத்துவிட்டால், பின்னாளில் அவர் எழுதிய உயிலின் கையெழுத்தோடு ஒப்பிட்டு ஒரே ஆள்தானா என்று பார்க்கலாம்.

ஆனால் உறுதிமொழி எடுத்தவர்கள் 16 வயது நிரம்பிய ஆண்கள் மட்டுமே. மனைவி, மகள், சிறுவர்கள் அதே கப்பலில்தான் வந்தார்கள். கையெழுத்துப் பட்டியலில் இல்லை. அவர்களைத் திருமுழுக்குப் பதிவேட்டில் தாயாகவோ ஞானத்தாயாகவோ, உயிலில் வாரிசாகவோதான் தேட வேண்டும். ‘இந்தப் பட்டியலில் யார் இல்லை? ஏன் இல்லை?’ என்பது எந்தச் சான்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

ஹாலேயும் தரங்கம்பாடியும்

இந்த வரலாறு நம் கடற்கரையையும் ஓரிடத்தில் தொடுகிறது. 1706-இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்று, தமிழில் நூல்கள் அச்சிட்ட சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தவர். அவருடைய பணிக்குப் பின்னால் நின்றவை அங்கிருந்த பிராங்கே கல்வி நிறுவனங்கள். அதே ஹாலேயிலிருந்து 1742-இல் பென்சில்வேனியா போனவர் ஹென்றி மெல்கியோர் முகலன்பர்க். தம்பிகளைப் பிரிந்தார் என்று மேலே சொன்ன கான்ராட் வைசரின் மகள் அன்னா மரியாவை அவர் 1745-இல் மணந்தார். அவர்களுடைய மகன் பிரடெரிக், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர்.

முகலன்பர்க் ஹாலேக்கு எழுதிய அறிக்கைகளிலும் தன் நாட்குறிப்பிலும் தான் சந்தித்த ஜெர்மன் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதினார். ஹாலே ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன, அமெரிக்காவிலிருந்து போன கடிதங்களும் இருக்கின்றன.

வகுப்பறையில் செய்வது எப்படி?

இதை நான் அட்டைகளாகச் செய்து நடத்துகிறேன். இரண்டு பாடவேளை போதும்.

முதலில் ஒவ்வொரு சான்றையும் ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்: ரும்பாக் திருமுழுக்கு, இம்ப்ஃப்லிங்கன் ஆசிரியர் குறிப்பு, நியூயார்க் பட்டியல், ஒப்பந்தம், இரண்டு திருமணங்கள், வழக்கு. வகுப்பை ஐந்தாறு குழுக்களாகப் பிரித்து, அட்டைகளைக் கலைத்துக் கொடுங்கள். வழக்கிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் முறை. ‘ரும்பாக்கில் ஒரு செங்கர் இருந்தார்’ என்று முன்னாலிருந்து தொடங்கினால் எந்தச் செங்கரோடும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

ஒவ்வோர் அட்டைக்கும் நான்கு கேள்விகள்: இதை எழுதியது யார்? எதற்காக எழுதினார்? இதிலிருந்து உறுதியாகத் தெரிவது என்ன? இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்? விடையை எழுதியபின் குடும்ப மரம் வரையட்டும். உறுதியான உறவுக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. எது புள்ளிக்கோடு என்று குழுக்கள் வாதிடும்போதுதான் பாடம் உண்மையில் நடக்கிறது.

தொடக்கப் பள்ளியில் எளிமையாக்கலாம். ஒரே பெயரை ஐந்து குழந்தைகள் காதால் கேட்டு எழுதட்டும். வகுப்பில் யாருக்கும் பழக்கமில்லாத வெளிநாட்டுப் பெயராக இருக்க வேண்டும். ஐந்து விதமாக வரும். செங்கர் எப்படிச் சாங்கர் ஆனார் என்பதை அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகத் தவிர்க்கிறேன். ‘உங்கள் குடும்ப மரத்தை வரைந்து வாருங்கள்’ என்ற வீட்டுப்பாடத்தை நான் கொடுப்பதில்லை. தந்தை பிரிந்துபோன பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளியின் பிள்ளை எல்லோரும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். முன்னோரைக் கேட்கப்போய் சாதியைக் கேட்பதாக முடியும் ஆபத்தும் உண்டு. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் அயல்நாட்டுக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், எந்தப் பிள்ளையும் கூனிக்குறுகாமல் அதே திறனைக் கற்றுக்கொள்கிறது. தன் வீட்டுக் கதையைச் சொல்ல விரும்பும் பிள்ளை தானாக வந்து சொல்லும்.

கடைசியாக, நமக்கான ஒரு சொல். நியூயார்க்கில் அந்தப் பட்டியலை எழுதிய எழுத்தர், தான் ஒரு வரலாற்றுச் சான்றை உருவாக்குவதாக நினைத்திருக்க மாட்டார். வரிசையில் நின்ற ஒரு கைம்பெண் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். ஜூன் மாதச் சேர்க்கையில் நாமும் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறோம். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தாய் பெயர். அந்தப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழும், மதிப்பெண் சான்றிதழும், பிறகு வரும் எல்லாக் காகிதங்களும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எழுதப்படும். எழுதும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்காட்டி, ‘சரியாம்மா?’ என்று கேட்டுவிடுவோம். அரை நிமிடம்தான் ஆகும்.